பாடகி ஜானிஸ் ஜாப்ளின்

கலகக்காரர் என்று உலகம் பெயரிட்டழைத்த ஒருவருடைய சரித்திரத்தை எழுதப் புகுவோர்க்கு ஓர் இடையூறு உண்டு. அப்பெயரே அவருடைய முகத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அவர் எதனை எதிர்த்தார், எவரை இகழ்ந்தார், எந்தக் கட்டுப்பாட்டை மீறினார் என்பனவற்றையே யாவரும் விரும்பிக் கேட்பர். அவர் எவரிடம் கற்றார், எவருக்குக் கடன்பட்டிருப்பதாகக் கருதினார், எவருடைய நன்மதிப்பை நாடி ஏங்கினார் என்று விசாரிப்போர் அரியர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ராக் சங்கீதம் ஓங்கியிருந்த காலத்தில் நான்கே ஆண்டுகள் புகழுடன் பாடி, இருபத்தேழாம் பிராயத்தில் மாண்டுபோன ஜானிஸ் ஜாப்ளின் விஷயத்தில் இவ்விடையூறு மிகப் பெரிது. அவரைப் பற்றிப் பேசுவோர் மதுப்புட்டியையும், இறகு சூடிய கூந்தலையும், கட்டுக்கடங்காத ஆரவாரத்தையும் முதலிற் கூறுவர். நாம் அவற்றை மறைக்கப்போவதில்லை. ஆயினும் அவருடைய கடைசி வருஷமாகிய 1970-இல், ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்த இரண்டு காரியங்களை மனத்திற்கொண்டே இச்சரித்திரத்தை எழுதுகின்றோம். அவை யாவை என்பது உரிய இடத்தில் விளங்கும்.

ஜானிஸ் 1943-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 19-ஆம் தேதி டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள போர்ட் ஆர்தர் என்னும் ஊரிற் பிறந்தார். மெக்ஸிகோ வளைகுடாவை அடுத்த அவ்வூர் எண்ணெயாற் பிழைக்கும் ஊர். 1901-இல் அதற்கு அண்மையிலுள்ள ஸ்பிண்டில்டாப் என்னும் மேட்டில் கச்சா எண்ணெய் பீறிட்டெழுந்தது முதல், அப்பிரதேசம் முழுவதும் எண்ணெய் சுத்தி செய்யும் ஆலைகள் பெருகின. தந்தையார் ஸெத் ஜாப்ளின் டெக்ஸகோ எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினீயர்; தாயார் டாரதி அம்மையார் வர்த்தகக் கல்வி புகட்டும் ஒரு கலாசாலையிற் பதிவாளராக அலுவல் பார்த்தவர். இவர்களுக்கு மூத்த குழந்தை ஜானிஸ். லாரா என்னும் தங்கையும், மைக்கேல் என்னும் தம்பியும் பின்னர்ப் பிறந்தனர். வறுமையோ, பெற்றோர் கொடுமையோ அவ்வில்லத்தில் இருந்ததில்லை. புத்தகம் படிப்பதும் ஆலயம் செல்வதும் ஒழுங்காக நடைபெற்ற வீடு. சிறுமி ஜானிஸ் ஆலயப் பாடகர் குழுவிற் பாடினாள். சித்திரம் எழுதுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தாள். ஊர்ப் பொது நூலகத்தில் குழந்தைகள் பகுதியை அவள் வரைந்த படங்கள் சில காலம் அலங்கரித்தன. பெரியவள் ஆனால் ஓவியக்காரியாவாள் என்றே வீட்டார் எண்ணியிருந்தனர்.

பதினான்கு பதினைந்து வயதில் நிலைமை மாறியது. உடல் பருத்தது, முகத்தில் பருக்கள் தோன்றித் தழும்பாயின. அழகும் அடக்கமுமே பெண்ணுக்குரிய மூலதனம் என்று கொண்டிருந்த அவ்வூரில் இவ்விரண்டும் குறைந்தவளாகச் சக மாணவர் அவளைக் கணக்கிட்டனர். அதனினும் பெரியதொரு குற்றமும் அவள்மீது சாற்றப்பட்டது. அக்காலத்து டெக்ஸாஸில் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் வெவ்வேறு பள்ளிகளிற் பயின்றனர். இவ்வேற்றுமை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் போர்ட் ஆர்தரில் வழக்கம் எளிதில் மாறவில்லை. இவ்விஷயம் வகுப்பில் விவாதத்துக்கு வந்தபோது, இரு சாராரும் ஒன்றாகப் படிப்பதே நியாயம் என்று ஜானிஸ் எழுந்து கூறினாள். அதன் பயனாக அவள் அடைந்த ஏச்சும் இழிபெயரும் பள்ளிப் படிப்பு முடியும்வரை தொடர்ந்தன. நடைபாதையில் அவள் செல்லும்போது கேலி செய்வதும், காசுகளை அவள்மேல் வீசுவதும் சில மாணவர்க்கு விளையாட்டாயின. பிற்காலத்தில் ஜானிஸ் எத்தனையோ வழக்கங்களை உதறித் தள்ளினார். அவர் செய்த முதற் கலகம் ஒரு வகுப்பறையில் நியாயத்தை எடுத்துச் சொன்னதே என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

புத்தகப் பித்தும் சங்கீதப் பித்தும் கொண்ட சில மாணவர்கள் அக்காலத்தில் அவளுக்கு நண்பராயினர். அவர்களுள் ஒருவரிடமிருந்த லெட் பெல்லி என்னும் கறுப்பரின் இசைத்தட்டுக்களே அவளுக்கு முதல் உபதேசம் எனலாம். அவற்றின் வழியே பெஸ்ஸி ஸ்மித் அம்மையாரின் தட்டுக்களை அவள் அறிந்தாள். இங்கே நம் வாசகர்க்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். ப்ளூஸ் எனப்படும் பாட்டு அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கரின் சந்ததியாரிடம் தோன்றியது. பெரும்பாலும் பன்னிரண்டு தாளக் கட்டுக்களில் ஒரு சுற்று முடியும். பாடுவோர் ஓர் அடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி கூறுவர். சுரங்கள் நேரே நில்லாது சற்றே வளைந்து, தாழ்ந்து, நெளியும். வேலையில்லாமை, வஞ்சித்த காதலன், வெள்ளம், சிறை, கடன் இவையே பாட்டின் பொருள்கள். 1923 முதல் இசைத்தட்டுக்களிற் பாடிய பெஸ்ஸி ஸ்மித் இத்துறையின் பேரரசி என்று கொண்டாடப்பட்டவர். 1937-இல் மோட்டார் விபத்தொன்றில் மாண்டார். ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவ ஊர்வலத்திற் கலந்துகொண்டும், பிலடெல்பியா நகரை அடுத்த மயானத்தில் அவர் அடக்கஞ்செய்யப்பட்ட இடத்திற் பெயர் பொறித்த கல்லொன்று நடுவாரில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அக்குழி வெறுந் தரையாகவே கிடந்தது.

இவ்வம்மையாரின் தட்டுக்களைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, ஒவ்வொரு நெளிவையும் தன் கண்டத்தில் ஏற்றிக்கொள்ளும் முயற்சியில் ஜானிஸ் இறங்கினாள். முறையாக ஆசிரியரிடம் அமர்ந்து இத்துறையை அவள் கற்றதில்லை. இறந்துபோன ஒருவருடைய குரலை ஊசியின் வழியே கேட்டுக் கற்றாள். ஸபீன் நதியின் மறு கரையிலுள்ள லூயிஸியானாவின் மதுக்கடைகளில் வாத்தியக் குழுக்களைக் கேட்பதற்காக நண்பர்களுடன் இரவில் மோட்டாரிற் செல்வதும் உண்டு. மதுப்பழக்கமும் அப்பொழுதே தொடங்கியது.

1960-இல் தாமஸ் ஜெபர்ஸன் உயர்தரப் பள்ளியிற் படிப்பு முடிந்தது. பிறகு பக்கத்து ஊரிலிருந்த லமார் தொழிற்கலாசாலையிற் சில காலம் பயின்று, 1962-இல் ஆஸ்டின் நகரத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். மடிமீது வைத்து மீட்டும் ஆட்டோஹார்ப் என்னும் நரம்புக் கருவியை ஏந்திக்கொண்டு, வெறுங்காலுடன் அவர் வகுப்புக்குச் செல்லும் விந்தையை மாணவர் பத்திரிகை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டது. நகரத்தின் ஓரத்தில் கென்னத் திரெட்கில் என்பவர் பழைய பெட்ரோல் நிலையம் ஒன்றை மதுக்கடையாக்கி நடத்திவந்தார். அங்கே வாரந்தோறும் நாட்டுப் பாடல் பாடுவோர் கூடுவர். திரெட்கில் தாமும் நல்ல பாடகர். குழம்பிய தலையும் கரகரத்த குரலுமாக வந்து நின்ற இப்பெண்ணை அவர் அன்புடன் வரவேற்றுப் பாடச் செய்தார். ஊரார் நகைத்த குரலை, வயதான ஒருவர் நகையாமற் கேட்டது அதுவே முதல் முறை போலும். அவ்வன்பை ஜானிஸ் கடைசிவரை மறக்கவில்லை.

ஆனால் அச்சர்வகலாசாலையில் நிகழ்ந்த பிறிதொரு காரியத்தையும் அவர் மறக்கவில்லை. தருமத்துக்குப் பணம் திரட்டும் பொருட்டு மாணவர் சங்கமொன்று ஆண்டுதோறும் ஒரு வேடிக்கைப் போட்டி நடத்துவதுண்டு; கலாசாலையிலேயே மிக அவலட்சணமான ஆண்பிள்ளை யார் என்பதற்கு வாக்கெடுப்பார்கள். அவ்வருஷம் அப்போட்டிக்குச் சிலர் ஜானிஸின் பெயரைக் கொடுத்தனர். நேயர்காள், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் பெயரை அப்பட்டியலில் எழுதிய கைகள் கொடியவர்களின் கைகள் அல்ல. படித்தவர்களின் கைகள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் கைகள். எழுதியவர்கள் அதை மறுவாரமே மறந்திருப்பர். போட்டியில் அவர் வென்றாரென்று பின்னாளில் ஒரு கதை பரவியது, அது சரியன்று. பெயர் கொடுக்கப்பட்டதே போதுமானதாக இருந்தது. அடுத்த ஜனவரியில், அதாவது 1963-இல், செட் ஹெல்ம்ஸ் என்னும் நண்பருடன் வழிப்போக்கர் வண்டிகளிற் கெஞ்சி இடம்பெற்று, மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குப் போய்விட்டார்.

அந்நகரில் முதல் இரண்டு வருஷங்கள் வீணாயின என்றே சொல்லவேண்டும். சிறு காப்பிக் கடைகளிற் பாடினார், கேட்டோர் வியந்தனர், ஆயினும் நிலையான தொழில் எதுவும் கூடவில்லை. 1964-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், யோர்மா கௌகோனன் என்னும் கிடார் வித்துவானின் வீட்டில் இருவரும் சேர்ந்து பாடிப் பழகியதை ஓர் ஒலிப்பதிவுக் கருவி பதிந்துகொண்டது. பக்கத்தில் ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தமும் அதில் விழுந்தது. அக்காலத்து ஜானிஸின் குரல் எத்தகையது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. அதற்குள் மெதாம்பெட்டமின் என்னும் கொடிய ஊக்கமருந்து அவரைப் பற்றிக்கொண்டது. உடல் எலும்புக்கூடாயிற்று. 1965-இல் நண்பர்கள் தம்முட் பணம் சேர்த்துப் பேருந்தில் ஏற்றி அவரைப் பெற்றோரிடம் அனுப்பி வைத்தார்கள்.

ஊர் திரும்பிய பெண் ஒரு வருஷ காலம் முற்றிலும் வேறொருத்தியாக வாழ்ந்தாள். கூந்தலை உயர்த்தி முடிந்து, அடக்கமான ஆடை அணிந்து, மீண்டும் லமார் கலாசாலையிற் சமூக இயலைப் பயின்றாள். போர்ட் ஆர்தர் எதை விரும்பியதோ அதனைக் கொடுக்க உண்மையாகவே முயன்றாள் என்பதில் ஐயமில்லை. 1966-ஆம் வருஷம், அப்பொழுது ஸான் பிரான்ஸிஸ்கோவிற் கச்சேரிகள் நடத்திவந்த ஹெல்ம்ஸ், பிக் பிரதர் அண்டு தி ஹோல்டிங் கம்பெனி என்ற வாத்தியக் குழுவுக்கு ஒரு பாடகி தேவையென்று அழைப்பு அனுப்பினார். ஜானிஸ் பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளாமற் புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அதன்பின் எழுதிய கடிதங்கள் பல. கச்சேரிக்கு எத்தனை பேர் வந்தனர், சம்பளம் எவ்வளவு, பத்திரிகைகள் என்ன எழுதின, தாம் தைத்துக்கொண்ட உடை எப்படியிருக்கிறது என்று, நன்றாகத் தேறிய பிள்ளை மதிப்பெண் பட்டியலை அனுப்புவதுபோல் அவை செல்லும். தங்கை லாரா 1992-இல் அக்கடிதங்களைக் கொண்டே ஒரு சரித்திரநூல் வெளியிட்டபோதுதான், மேடையில் உலகத்தையே உதறினாற்போல் நின்ற இவர் வீட்டுக்கு இத்தனை தவறாமல் எழுதியிருந்தார் என்பது பலருக்குத் தெரிந்தது.

1966-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆவலான் நடனசாலையில் பிக் பிரதர் குழுவுடன் முதன்முறையாகப் பாடினார். அதுவரை தனித்து, ஒரு கிடாருடன் பாடிப் பழகியவர்க்கு மின்சாரக் கருவிகளின் பேரிரைச்சல் புதிது. அவ்விரைச்சலை வெல்லும் பொருட்டே குரலை உச்சத்துக்கு ஏற்றி, கீறி, பிளந்து பாடும் முறையை அவர் அமைத்துக்கொண்டார் என்பர். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சுரங்கள் ஒலிப்பதுபோற் கேட்கும் அக்கரகரப்பு அவருக்கே உரியதாயிற்று. அதைக் கூச்சல் என்று சிலர் ஒதுக்குவர். அக்குரல் உச்சத்தில் வெடித்துச் சட்டென்று ஒரு முனகலாகத் தாழும் இடங்களைக் கேட்டவர்கள் அவ்வாறு கூறத் துணியார் என்பது எம் கருத்து. எங்கே வெடிக்கவேண்டும், எங்கே அடங்கவேண்டும் என்பதை அவர் முன்னரே கணக்கிட்டு, ஒத்திகையிற் பலமுறை மாற்றி மாற்றிப் பார்த்த பின்னரே மேடைக்குக் கொண்டுவந்தார் என்று உடன் வாசித்தோர் கூறியிருக்கின்றனர்.

மறு வருஷம், 1967-ஆம் வருஷம் ஜூன் மாதம், கலிபோர்னியாவின் மாண்டரே நகரத்தில் ராக் சங்கீதத் திருவிழா ஒன்று மூன்று நாள் நடந்தது. சனிக்கிழமை பிக் பிரதர் குழு பாடியது. சபை பிரமித்துப்போயிற்று, ஆனால் திருவிழாவைப் படம் பிடிக்க வந்த பென்னபேக்கர் என்பவரின் காமிரா அப்பொழுது ஓடவில்லை, ஏனெனில் குழுவின் நிர்வாகி அதற்கு இணங்கவில்லை. பாடகியும் குழுவினரும் வற்புறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேடையேற அனுமதி பெற்றனர். அவ்வாறு படத்தில் அமைந்த பாட்டு பால் அண்டு செயின், அதாவது கைதியின் காலிற் பூட்டும் இரும்புக் குண்டும் சங்கிலியும். பாட்டு முடிகையில், சபையில் அமர்ந்திருந்த காஸ் எலியட் என்னும் புகழ்பெற்ற பாடகி வாய் திறந்தபடி வியந்து நோக்குவதையும் அப்படத்திற் காணலாம். மறுநாள் முதல் ஜானிஸ் ஜாப்ளினை அறியாதார் அந்நாட்டில் அரிதாயினர். கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் செய்தது. ஆல்பர்ட் கிராஸ்மன் என்னும் பெரிய நிர்வாகி பொறுப்பேற்றார்.

அப்பாட்டு ஜானிஸுடையதன்று. பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்புப் பாடகியுடையது. ஹவுண்டு டாக் என்ற பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடிக் கோடி பொருள் குவிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பாடியவர் இவ்வம்மையார்தாம். அதனால் அவர் பெற்ற ஊதியமோ சொற்பம். ஜானிஸும் நண்பரும் தார்ன்டன் பாடக் கேட்டு, அவரிடமே சென்று அனுமதி பெற்ற பின்னரே அப்பாட்டை எடுத்தாண்டனர். ஆயினும் கறுப்பர் விதைத்ததை வெள்ளையர் அறுத்துக்கொண்டனர் என்னும் பெரிய வழக்கில் ஜானிஸின் பெயரும் அடிபடுகிறது. இவ்வழக்கில் நியாயம் உண்டு. அதே பாட்டைக் கறுப்புப் பெண்ணொருத்தி பாடியபோது திறவாத கதவுகள் வெள்ளைப் பெண்ணொருத்தி பாடியபோது திறந்தன. அக்கதவுகளைத் திறந்ததும் மூடியதும் ஜானிஸ் அல்லர். ஆனால் திறந்த வாயிலின் வழியே உள்ளே சென்றவர் அவரே. அவர் தம்மைப் பேட்டி கண்டவர்களிடமெல்லாம் பெஸ்ஸி ஸ்மித், பிக் மாமா தார்ன்டன், ஓடெட்டா, ஓடிஸ் ரெட்டிங் என்று தாம் கற்ற மூலங்களைப் பெயர் பெயராகக் கூறிவந்தார் என்பதையும் இதனுடன் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1968-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சீப் திரில்ஸ் என்னும் இசைத்தட்டு வெளிவந்து, எட்டு வாரம் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது. சபையோர் ஆரவாரம் அதிற் கேட்பதால் முழுவதும் மேடையிற் பதிந்தது என்று பலர் எண்ணினர். பெரும்பகுதி ஒலிப்பதிவுச் சாலையிற் செய்யப்பட்டு ஆரவாரம் பின்னர்ச் சேர்க்கப்பட்டதாகும். அதிலுள்ள ஸம்மர்டைம் என்பது ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935-இல் அரங்கேற்றிய இசை நாடகத்தில் வரும் தாலாட்டு. எத்தனையோ பேர் பாடியது. மற்றோர் பாடுகையிற் குழந்தை உறங்கும். ஜானிஸ் பாடுகையிலோ தாலாட்டுபவள் எதற்கோ அஞ்சி விழித்திருக்கிறாள் என்பது தோன்றும்.

வெற்றியின் உச்சியிலேயே பிக் பிரதர் குழுவை விட்டு அவர் விலகினார். சொந்தக் குழு அமைத்த சில வாரங்களுக்குள், 1968-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மெம்பிஸ் நகரத்திற் கறுப்பர் சங்கீத உலகின் முன்னணியினர் நடத்திய கிறிஸ்துமஸ் விழாவிற் பாட அழைக்கப்பட்டார். அவ்வழைப்பை அவர் எத்துணைப் பெருமையாகக் கருதியிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆனால் புதிய குழு பழகவில்லை. சபையினர் பெரும்பாலும் கறுப்பர். தங்கள் வீட்டுச் சொத்தைத் தங்களுக்கே விற்க வந்தவரைப்போல் அவரைப் பார்த்தனர். கைதட்டல் எழவில்லை. குருக்களின் வீதியிலேயே சீடருக்குக் கிடைத்த அவமதிப்பு அது. 1969-இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்திற் பெரும் வரவேற்புப் பெற்றார்; ஆகஸ்டில் உட்ஸ்டாக் பெருவிழாவில் நள்ளிரவுக்குப் பின் பாடினார்; நவம்பரில் டாம்பா நகரத்தில், எழுந்தாடிய சபையோரை அடக்க வந்த போலீஸாரை மேடையிலிருந்து வசைமொழியால் ஏசியதற்காகக் கைதாகி அபராதம் செலுத்தினார். பத்திரிகைகள் இக்கடைசிச் செய்தியையே பெரிதாக வெளியிட்டன என்று சொல்லவும் வேண்டுமோ?

இக்காலத்தில் ஹெராயின் என்னும் போதைமருந்து அவரை அடிமைகொண்டது. மதுவோ மேடையிலேயே கையில் இருந்தது. அவர் ஓயாது விளம்பரப்படுத்திய ஒரு மதுவகையைக் காய்ச்சி விற்ற கம்பெனியார் நன்றிக்கு அடையாளமாக விலையுயர்ந்த உரோம அங்கி ஒன்றை வாங்கித் தந்தனர். அதனை அவரும் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தார். கட்டுப்பாட்டை மீறும் வீரத்தின் ஒரு பகுதியாக இப்பழக்கங்களைப் போற்றிப் பேசுவோர் இன்றும் உளர். நாம் அதற்கு இசையோம். மேடையேறுமுன் அவர் அஞ்சினார். இறங்கியபின் தனிமையை அஞ்சினார். இவ்விரண்டு அச்சங்களுக்கும் அவர் கண்ட மருந்து இது. இதிற் கலகம் சிறிதும் இல்லை.

1970-ஆம் வருஷம் தொடக்கத்தில் பிரேஸில் தேசத்துக்குச் சென்று சில வாரம் ஹெராயினை விட்டிருந்தார். திரும்பி வந்து புல் டில்ட் பூகி என்னும் புதுக் குழுவை அமைத்தார். அவர்களுடைய வாசிப்பு அவருக்கு முற்றிலும் பொருந்தியது. கோடைகாலத்தில் கானடா தேசத்தின் குறுக்கே பாடகர் பலருடன் தனி ரயிலில் சஞ்சாரம் செய்து நகரந்தோறும் கச்சேரி நடத்தினார். ஜூலை மாதம் ஆஸ்டினிற் கென்னத் திரெட்கில்லின் பிறந்தநாளைச் சீடர்கள் கொண்டாடியபொழுது, ஹவாயித் தீவிற் கச்சேரியை முடித்துக்கொண்டு ஆகாயவிமானமேறி ஓடிவந்து, தீவிலிருந்து கொணர்ந்த பூமாலையை முதியவர் கழுத்தில் அணிவித்துப் பாடினார்.

இனி நாம் தொடக்கத்திற் குறித்த இரண்டு காரியங்களைச் சொல்வோம்.

பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறை பெயரின்றிக் கிடப்பதைப் பற்றிப் பிலடெல்பியாப் பத்திரிகையொன்றிற் செய்தி வெளியாயிற்று. அந்நகரத்தில் ஜுவானிடா கிரீன் என்னும் கறுப்புப் பெண்மணி, சிறுமியாயிருந்தபோது பெஸ்ஸியின் வீட்டிற் சில்லறை வேலை செய்தவர், கறுப்பர் உரிமைச் சங்கத்திற் பதவி வகித்தவர், கல் நடுவதற்கு முன்வந்தார். விஷயமறிந்த ஜானிஸ் செலவிற் பாதியைத் தாம் தருவதாக ஏற்றார். 1970-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கல் நடப்பட்டது. ஜானிஸ் திறப்பு விழாவுக்கு வரவில்லை. வந்தால் பத்திரிகைக்காரரின் கண் பெஸ்ஸியை விட்டுத் தம்மேல் விழும் என்பதை அறியாதவர் அல்லர் அவர். பெஸ்ஸி ஸ்மித் மாண்ட முப்பத்து மூன்றாம் வருஷத்தில், அவருடைய குரலைத் தட்டில் மட்டுமே கேட்டறிந்த ஒரு வெள்ளைப் பெண்ணின் பணமும், அவருடைய வீட்டுத் தரையைத் துடைத்த ஒரு கறுப்புப் பெண்ணின் பணமும் சேர்ந்து அக்கல்லாயின.

மற்றொன்று, அதே மாதம் 14-ஆம் தேதி. பள்ளிப் படிப்பு முடித்த பத்தாம் ஆண்டு நிறைவை முன்னிட்டுத் தாமஸ் ஜெபர்ஸன் பள்ளியின் பழைய மாணவர் கூட்டம் போர்ட் ஆர்தரில் நடைபெற்றது. தம்மை வகுப்பிலும் ஊரிலும் மாகாணத்திலும் இருக்கவொட்டாமல் நகைத்து விரட்டியவர்களைக் காணப் போகிறேன் என்று முன்னதாகவே தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டுத்தான் ஜானிஸ் புறப்பட்டார். கூந்தலில் வண்ண இறகுகள், கை நிறைய வளையல்கள், கண்ணில் நிறக்கண்ணாடி. உடன் மூன்று நண்பர்கள். பத்திரிகைக்காரர் சூழ்ந்துகொண்டனர். முதலில் இறுமாப்புடன் பதில் சொல்லிவந்தார். பள்ளியிறுதி நடன விருந்துக்குச் சென்றதுண்டா என்று ஒருவர் கேட்டார். எவரும் தம்மை அழைக்கவில்லை என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். அக்காட்சி படமாக இருக்கிறது. அதில் அவருடைய சிரிப்பு அரை நொடிக்கு மேல் நிற்பதில்லை. பத்து வருஷமும் உலகப் புகழும் உதிர்ந்துவிழ, பதினேழு வயதுச் சிறுமியின் முகம் அங்கே தோன்றி மறைகிறது. விருந்திற் பழைய தோழர்கள் அவருக்கு அளித்த மரியாதை, மிகத் தொலைவிலிருந்து வந்தவருக்கென்று கொடுத்த தேய்ந்துபோன மோட்டார்ச் சக்கர டயர் ஒன்று. கேலிப் பரிசுதான், ஆனால் அவர்கள் எழுந்து பாராட்டுவார்கள் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்து வந்திருந்தார் என்றே நாம் நினைக்கிறோம்.

செப்டம்பர் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் புதிய இசைத்தட்டுக்கான வேலை தொடங்கியது. பால் ராத்சைல்டு மேற்பார்வை செய்தார். உடன் இருந்தோர் யாவரும் இவர் இவ்வளவு அடக்கமாகவும் நுட்பமாகவும் முன்னர்ப் பாடியதில்லை என்கின்றனர். அக்டோபர் 1-ஆம் தேதி பக்கவாத்தியமே இல்லாமல், காலால் தாளமிட்டுக்கொண்டு, மோட்டார்வண்டிக்காக ஆண்டவனிடம் மனுச் செய்யும் ஒரு பரிகாசப் பாட்டை ஒரே முறையிற் பாடி முடித்தார். 3-ஆம் தேதி குழுவினர் மற்றொரு பாட்டுக்கு வாத்தியப் பகுதியைப் பதிந்தனர். மறுநாள் வந்து அதன்மேற் பாடுவதாகச் சொல்லிச் சென்றார். பெரிட் அலைவ் இன் தி ப்ளூஸ் என்பது அதன் பெயர்.

மறுநாள் அவர் வரவில்லை. அவர் தங்கியிருந்த லாண்டுமார்க் விடுதிக்குச் சென்று கதவைத் திறந்த ஜான் குக் என்னும் உதவியாளர், கட்டிலுக்கருகே அவர் விழுந்து கிடப்பதைக் கண்டார். கையில், இரவு கீழே சென்று சிகரெட்டு வாங்கிய மிச்சச் சில்லறை இருந்தது. ஹெராயின் அளவு மிஞ்சியதால் நேர்ந்த தற்செயலான மரணம் என்று விசாரணை அதிகாரி தீர்மானித்தார். அதற்குப் பதினாறு நாள் முன்னரே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னும் கிடார் மேதை, அவரும் இருபத்தேழு வயதினர், இலண்டனில் மாண்டிருந்தார். ஜானிஸின் சாம்பல் கலிபோர்னியாக் கரையோரத்துக் கடலில் தூவப்பட்டது. தாம் இறந்தபின் நண்பர்கள் கூடி விருந்துண்பதற்காக 2,500 டாலர் ஒதுக்கி மரண சாசனம் எழுதி வைத்திருந்தார்; அவ்விருந்தும் அம்மாதமே நடந்தது. அவருக்குக் கல்லறை இல்லை.

1971-ஆம் வருஷம் ஜனவரியில் வெளிவந்த இசைத்தட்டுக்குப் பேர்ல், அதாவது முத்து, என்று பெயர். நண்பர்கள் அவரை அழைத்த செல்லப்பெயர் அது. ஒன்பது வாரம் அது முதலிடம் வகித்தது. கிறிஸ் கிறிஸ்டாபர்ஸன் இயற்றிய மீ அண்டு பாபி மகீ என்னும் பாட்டு அவ்வாண்டு மார்ச்சு மாதம் தனிப்பாட்டுக்களுள் முதலிடம் பெற்றது. அவர் பாடுவதாகச் சொல்லிச் சென்ற பாட்டை வேறொருவரைக் கொண்டு பாடுவிக்காமல், வாத்தியம் மட்டுமாகவே அத்தட்டிற் சேர்த்தனர். இன்றும் அதைக் கேட்போர் குரல் எங்கே புகவேண்டும் என்று காத்திருந்து ஏமாறுவர்.

பிற்காலத்துப் பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்வோம். அவருடைய வாழ்க்கையைத் தழுவி 1979-இல் தி ரோஸ் என்னும் திரைப்படம் வந்தது. 1995-இல் ராக் சங்கீதப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மெலிஸ்ஸா எதரிட்ஜ் என்னும் பாடகி அவரை அறிமுகஞ்செய்து பேசினார். 2014-இல் அந்நாட்டு அஞ்சல் இலாகா அவருடைய உருவம் தாங்கிய முத்திரைத் தலையை வெளியிட்டது. இவற்றினும் அவர் மகிழக்கூடியது போர்ட் ஆர்தரில் நடந்தது. 1988-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 19-ஆம் தேதி, அவருடைய பிறந்தநாளன்று, அவ்வூரில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டபொழுது ஆயிரக்கணக்கானோர் கூடினர். தந்தையார் அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார். இப்பொழுது அவ்வூர்ப் பொருட்காட்சிசாலையில் அவருக்கென்று தனியிடம் உண்டு. அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின்முன் சரித்திரப் பலகையொன்று நிற்கிறது.

1964-இல் டைப் அடிக்கும் சத்தத்தோடு பதிவான பழைய ஒலிநாடாவும் நெடுங்காலம் கைக்குக் கைமாறிப் பிரதி செய்யப்பட்டுவந்து, 2022-இல் முறையாக வெளியாயிற்று. அதிலுள்ள பாட்டுக்களில் ஒன்று, 1929-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. கையிற் பணமிருந்தபோது சூழ்ந்திருந்தவர்கள் அது போனபின் முகமறியாதவராயினர் என்பது அதன் பொருள். இருபத்தொரு வயதுப் பெண், புகழ் என்பதை இன்னும் அறியாதவள், டைப் மெஷினின் தட்டலுக்கு நடுவே, அவசரமில்லாமல் அதைப் பாடுகிறாள்.